காலி விடக் கூடாத கட்டம்

அக்னஸால் ஓரிடத்தில் உட்கார முடியாது. திருச்சி மேலப்புதூரில் அவளைத் தெரிந்தவர்கள் முதலில் சொல்வது அதைத்தான். மாதா கோயிலில் சாமியார் பிரசங்கத்தை முடிப்பதற்குள் இரண்டு பெஞ்சு தாண்டிப் போய் உட்கார்ந்திருப்பாள். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தாலும் பாதி வழியில் எழுந்துபோய்ப் படிக்கட்டுப் பக்கம் நிற்பாள். சமையல்கட்டு அலமாரியை நினைத்தபோதெல்லாம் மாற்றி அடுக்குவாள்; அவள் அம்மா வியாகுலம்மாளுக்கு உப்பு ஜாடியைத் தேடியே பாதி ஆயுசு போயிற்று. கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார்கள். கல்யாணமும் ஆயிற்று. வீட்டைவிட்டுப் போனது என்னவோ இவள் இல்லை, இவள் புருஷன் விக்டர்.

விக்டர் பஹ்ரைனுக்கு வெல்டர் வேலைக்குப் போனவன். கொஞ்ச காலம் பணமும் கடிதமும் ஒழுங்காக வந்தன. பிறகு பணம் நின்றது, அப்புறம் கடிதமும் நின்றது. அங்கே வேறு ஒருத்தியோடு இருக்கிறான் என்று சிலர் சொன்னார்கள். ஜெயிலில் இருக்கிறான் என்று சிலர் சொன்னார்கள். ஏதோ ஒன்று உறுதியாகத் தெரிந்தால் அழுது தீர்த்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். தெரியவில்லை. அதனால் ரேஷன் கார்டிலிருந்து பாங்க் பாரம் வரைக்கும் கணவர் பெயர் கேட்ட இடத்திலெல்லாம் விக்டர், விக்டர் என்று எழுதிக்கொண்டே இருந்தாள்.

தூத்துக்குடியில் துறைமுகத்தில் வேலை பார்த்த அண்ணன் தைரியராஜ் வருகிற போதெல்லாம் ஒரே பல்லவிதான்.

"இங்க தனியா இருந்து என்ன சாதிக்கப் போற? அம்மாவைக் கூட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துரு. மாடியில ரூம் காலியாத்தான் கிடக்கு."

மாடியில் ரூம் காலியாகக் கிடந்தது உண்மை. கீழே படுத்த படுக்கையாக அவன் மாமியார் கிடந்ததும், அடுத்தடுத்து நாலு பிள்ளைகள் வளர்ந்ததும், வேலைக்காரி நிற்காமல் ஓடியதும் அதைவிடப் பெரிய உண்மை. அந்த வீட்டுக்குப் போனால் தன் கால் அங்கேயே கட்டப்பட்டுவிடும் என்று அக்னஸுக்குத் தெரியும். "ஒரு வருஷம் டைம் குடுங்கண்ணே. நிரந்தரமா ஒரு வேலை அமையலைன்னா நானே பெட்டியக் கட்டிக்கிட்டு வந்துடறேன்" என்றாள். வாய் தவறி வந்த வாக்கு இல்லை, யோசித்துத்தான் கொடுத்தாள்.

பாலக்கரையில் டைப்ரைட்டிங் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவள், சாலை ரோட்டில் புதிதாகத் திறந்த கம்ப்யூட்டர் சென்டரில் சாயங்கால வகுப்புக்குப் போனாள். 1986-ல் அதுதான் புது மோஸ்தர். டேட்டாபேஸ் என்றால் தகவல்களை ஒழுங்காகச் சேர்த்துவைத்து, கேட்கும்போது கேட்டபடி எடுத்துக் கொடுப்பது என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். அந்தத் தகவல்களை வாங்குவதற்குத் திரையில் எந்தக் கேள்வியை எங்கே காட்டுவது, பதிலுக்கு எவ்வளவு இடம் விடுவது என்று எழுதுவதற்கு ஸ்கிரீன் போடுவது என்று பெயர். அக்னஸுக்கு அது பிடித்துவிட்டது. கேள்விகளை அங்கே இங்கே நகர்த்தலாம், கட்டங்களை மாற்றலாம், பிடிக்கவில்லையென்றால் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு மறுபடி அடுக்கலாம். சமையல்கட்டு அலமாரி தப்பித்தது என்று அவள் அம்மா சந்தோஷப்பட்டாள்.

மெட்ராஸிலிருந்து வந்து வகுப்பு எடுத்த சார் ஒரு விஷயத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. காலியாக விட்டால் கம்ப்யூட்டர் அடுத்த கட்டத்துக்குப் போகக் கூடாது. ஆப்பரேட்டர்கள் சோம்பேறிகள், அவர்களுக்கு இடம் கொடுத்தால் தலையில் ஏறி உட்காருவார்கள். இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள் அக்னஸ்.

அடுத்த வருஷம் சித்திரையில் அவளுக்கு ஸ்ரீரங்கத்தில் வேலை கிடைத்தது. டாக்டர் வேதவல்லி அங்கே பிரசவ ஆஸ்பத்திரி வைத்திருந்தார். அமெரிக்காவிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை, இன்னும் நோட்டில் எழுதிக்கொண்டிருப்பதா என்று கேலி பேசிவிட்டுப் போனதால் ரோஷப்பட்டு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார். முன்பக்கத்துக் கவுன்டரைச் சுற்றிக் கண்ணாடி அடைத்து, ஏசி மாட்டி, மெஷினை உள்ளே குடியேற்றினார்கள். வெளியே நிற்பவர்கள் பேசுவதற்குக் கண்ணாடியில் அரைவட்டமாக ஓர் ஓட்டை. கவுன்டரில் நோட்டு எழுதிக்கொண்டிருந்த ஷரீபாவுக்கு டைப் அடிக்கத் தெரியும் என்பதால் அவளே ஆப்பரேட்டர். ஸ்கிரீன் போட்டுக் கொடுத்து, பழக்கிவிட்டு, எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது அக்னஸின் வேலை. ஓட்டம் சரியாக இருந்தால் நிரந்தரம் என்றார் டாக்டர்.

அக்னஸ் போட்ட முதல் ஸ்கிரீனைப் பார்த்திருக்க வேண்டும். சுற்றிலும் இரட்டைக் கோட்டில் பார்டர். மூலைக்கு மூலை நட்சத்திரம். நடுவில் ஆஸ்பத்திரியின் பெயர், கல்யாணப் பத்திரிகையில் போடுகிற தோரணையில். அதற்குக் கீழே மூச்சுவிட இடமில்லாமல் கட்டங்கள். வரிசை எண், தேதி, கணவர் பெயர், கணவர் தொழில், கணவர் வருமானம், விலாசம், அதற்கெல்லாம் பிறகு நோயாளியின் பெயர். ஏதாவது ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு எண்டர் தட்டினால் மெஷின் கீச்சென்று கத்தி, 'இன்வேலிட் என்ட்ரி' என்று பளிச் பளிச்சென்று மின்னும். எல்லாக் கட்டமும் நிரம்பினால்தான் பிரிண்டரிலிருந்து சீட்டு வரும். சீட்டு வந்தால்தான் டாக்டரிடம் போக முடியும்.

டாக்டருக்கு அந்த நட்சத்திரங்கள் பிடித்திருந்தன. வரிசைதான் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போயிற்று. வயிறும் பிள்ளையுமாக வெயிலில் நின்ற பெண்கள் கண்ணாடிக்குள் குளுகுளுவென்று உட்கார்ந்திருந்த ஷரீபாவைத் திட்டினார்கள். அக்னஸும் ஷரீபாவைத்தான் திட்டினாள், கை வேகம் போதாது என்று. வேகம் வருவதற்காக இன்னும் ரெண்டு எச்சரிக்கை மணியைச் சேர்த்தாள். கத்தினால் பயந்துகொண்டு சீக்கிரம் அடிப்பாள் என்று அவள் கணக்கு.

ஆடி முடிகிற சமயம். மாதாந்திரப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் அக்னஸைக் கூப்பிட்டார்.

"அக்னஸ், இந்த மதுரைவீரன் யாரு?"

"எந்த மதுரைவீரன் மேடம்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். லால்குடியிலே ஒரு ஆம்படையாள், மண்ணச்சநல்லூர்லே ஒரு ஆம்படையாள், துறையூர்ப் பக்கம் கேக்கவே வேண்டாம். எல்லாரும் பிரசவத்துக்கு எங்கிட்டேதான் வரா."

பட்டியலைப் பார்த்த அக்னஸுக்குக் காது சூடாகிவிட்டது. பக்கத்துக்குப் பக்கம் மதுரைவீரன். நேரே கவுன்டருக்குப் போய் ஷரீபாவின் முன்னால் அதைப் போட்டாள்.

ஷரீபா மறைக்கவில்லை. "நான் என்னக்கா செய்யறது? கிராமத்துல இருந்து வர்றவங்க வீட்டுக்காரர் பேரை வாயால சொல்ல மாட்டேங்கிறாங்க. உங்க ஸ்கிரீன் அந்தக் கட்டத்தை விட்டு நகர மாட்டேங்குது. முந்தியெல்லாம் நோட்டுல அந்த எடத்தை அப்படியே விட்டுட்டு மேல எழுதிருவேன், கூட வந்த யாராச்சும் அப்பறமா வந்து சொல்லுவாங்க. இதுல விட முடியலையே. எங்க தெரு முனையில அந்தச் சாமி கோயில் இருக்கு, அந்தப் பேரு ஞாபகம் வந்துச்சு. போட்டுட்டேன்."

"பொய்யை டைப் அடிக்கவா உனக்குச் சம்பளம் குடுக்கிறாங்க?"

அக்னஸ் அன்றைக்கே உட்கார்ந்து, மதுரைவீரன் என்ற பெயரை அடித்தால் மெஷின் ஏற்றுக்கொள்ளாதபடி எழுதிப் பூட்டினாள். உண்மையிலேயே அந்தப் பெயருள்ள மனுஷன் ஒருத்தன் பெண்டாட்டியை அழைத்துக்கொண்டு வந்தால் அவன் கதி என்ன என்று யோசிக்கிற நிலையில் அவள் இல்லை. ஆத்திரத்தில் போடுகிற பூட்டு அப்படித்தான் இருக்கும்.

ஷரீபாவின் தங்கைக்கு நிக்காஹ் வந்தது. லீவு போட்டுவிட்டுப் போய்விட்டாள். கவுன்டரில் உட்கார வேறு ஆள் இல்லை. அக்னஸே உட்கார்ந்தாள். தான் போட்ட ஸ்கிரீன், தன் டைப்ரைட்டிங் வேகம், பத்து விரலும் பறக்கும். வரிசையை எப்படிக் கரைக்கிறேன் பார் என்று மனசுக்குள் ஒரு கெத்து.

முதலில் வந்தவள் ஊர் பெயரைச் சொன்னாள். ஊருக்கான கட்டம் திரையில் கீழே கிடந்தது. அதற்கு முன்னால் உள்ளதையெல்லாம் நிரப்பாமல் அங்கே போக முடியாது. "இரும்மா, அதை அப்பறம் கேக்கறேன்" என்றாள். அடுத்தவள் வயிற்றுவலியைச் சொன்னாள். "அதுவும் அப்பறம்" என்றாள். வருகிறவள் எல்லாம் ஒன்றைச் சொல்ல, திரை வேறொன்றைக் கேட்டது. நடுவில் விக்கித்துப்போய் அக்னஸ். நோயாளியின் பெயரைத் தப்பாக அடித்துவிட்டு முந்தின கட்டத்துக்குத் திரும்ப முடியாமல், ஒருத்தியை முதலிலிருந்து மறுபடி சொல்லச் சொன்னாள். தானே வைத்த மணி கத்தும்போதெல்லாம் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அப்போதுதான் துறையூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பொன்னுத்தாய் வந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது, முகம் வெளுத்திருந்தது. கூட அவள் மாமியார் வீராயி.

"வீட்டுக்காரர் பேர் என்னம்மா?"

பொன்னுத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்லும்மா. பேர் இல்லாம மெஷின் நகராது."

"அவ சொல்ல மாட்டா தாயி" என்றாள் வீராயி, கொஞ்சம் பெருமையாகவே.

"சரி, உங்க மகன்தானே? நீங்க சொல்லுங்க."

"நான் எப்புடிச் சொல்றது? அது எங்க மாமனாரு பேரு. தாத்தா பேரைத்தான் பேரனுக்கு வச்சிருக்கு. நான் அவன ராசுன்னுதான் கூப்புடுவேன்."

"அப்ப ராசுன்னு போட்டுக்கட்டுமா?"

"அவன் பேரு ராசு இல்லியே. ஆஸ்பத்திரியில வந்து பொய் சொல்றதா?"

அக்னஸ் பல்லைக் கடித்துக்கொண்டாள். வரிசையில் நின்றவர்களுக்கு இது விளையாட்டாகிவிட்டது. பின்னாலிருந்து ஆளாளுக்குப் பெயர் சொன்னார்கள். முருகேசனா? இல்லை. பெரியசாமியா? இல்லை. வீராயி ஒவ்வொன்றுக்கும் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாள். பொன்னுத்தாய் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைப் பிடித்தபடி மெதுவாகக் கீழே உட்கார்ந்தாள். உட்காரவில்லை, சரிந்தாள். யாரோ தண்ணீர் என்று கத்தினார்கள்.

சீட்டு வேண்டும். சீட்டு இல்லாமல் உள்ளே விடாதே என்று அக்னஸேதான் நர்ஸ் லூர்துமேரிக்குச் சட்டம் போட்டிருந்தாள். மதுரைவீரன் என்று அடித்தாள். இன்வேலிட் என்ட்ரி. அவளே போட்ட பூட்டு. மறுபடி அடித்தாள், மறுபடி கீச்சென்று கத்தியது. மூளை ஓடவில்லை. கை மட்டும் ஓடியது. கணவர் பெயர் என்று கேட்ட இடத்திலெல்லாம் பல வருஷமாக அந்தக் கை எழுதிவந்த பெயரை இப்போதும் அடித்தது. விக்டர். மெஷின் சாதுவாக அடுத்த கட்டத்துக்குப் போயிற்று. மிச்சத்தை வீராயியிடம் கேட்டுக் கேட்டு அடித்தாள், சீட்டு வந்தது.

லூர்துமேரி சீட்டை வாங்கி, வழக்கம்போல் உரக்கப் படித்தாள்.

"விக்டர் சம்சாரம் பொன்னுத்தாய், உள்ள வாங்க."

"எவன்டி அவன் விக்டரு?" என்றாள் வீராயி.

தரையில் கிடந்த மருமகளைப் பார்த்துக் கேட்டாள். வரிசை முழுக்கச் சிரித்தது. பொன்னுத்தாய் அரை மயக்கத்திலும் அழ ஆரம்பித்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து வாசலில் ஓர் ஆள் சோடா பாட்டிலோடு ஓடிவந்தான். கூட்டத்தை விலக்கி அவளைத் தூக்கினான். பேர் என்னப்பா என்று லூர்துமேரி கேட்டாள். "தங்கையன்" என்றான். அவ்வளவுதான் விஷயம். அந்தக் கட்டத்தைக் கொஞ்ச நேரம் காலியாக விட்டிருந்தால், சோடா வாங்கப் போன புருஷனே வந்து சொல்லியிருப்பான்.

பொன்னுத்தாய்க்கு வெறும் களைப்புதான், ஒன்றும் ஆபத்தில்லை. ஆனால் டாக்டருக்கு எல்லாம் கேட்டிருந்தது. மத்தியானம் அக்னஸைக் கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"உன் ஆம்படையான் பேரை அந்தப் பொண்ணு தலையிலே ஏன் கட்டினே?"

விக்டர் என்று அச்சான சீட்டை டாக்டர் அவள் பக்கமாகத் தள்ளினார்.

"நோட்டு இருந்தப்போ இந்தக் கூத்தெல்லாம் இல்லை. ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கறச்சே இந்த மெஷின் ஒழுங்கா நடக்கணும். இல்லேன்னா வாங்கின எடத்துக்கே திருப்பி அனுப்பிடுவேன். அதுக்கப்புறம் உனக்கும் இங்கே வேலை இல்லை."

ஆயுத பூஜைக்கு முன்னால் அண்ணனுக்குக் கொடுத்த வருஷமும் முடிகிறது. மெஷின் போனால் தூத்துக்குடிதான். காவிரிப் பாலத்தில் பஸ் போகும்போது அக்னஸ் ஆற்றைப் பார்க்கவில்லை. அவமானத்தில் உடம்பு எரிந்தது. விக்டர் பெயரை ஊரே கேட்டுச் சிரித்ததுகூடப் பெரிசில்லை. தன்னிடம் யாரும் தன் பெயரை முதலில் கேட்டதில்லை என்று அவளுக்குத் தோன்றியது. எங்கே போனாலும் முதலில் அவன் பெயர், அவன் வேலை, அவன் எங்கே. அந்தக் கேள்வியைக் கேட்டால் தனக்கு எப்படி வலிக்கும் என்று தெரிந்தவள், அதே கேள்வியைத் தன் கையால் எழுதி, தாண்டிப்போக வழியில்லாமல் பூட்டியும் வைத்திருக்கிறாள். இதற்கு மெட்ராஸ் சாரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்றார். எந்தக் கட்டம் என்று சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து அக்னஸ் கண்ணாடிக்குள் போகவில்லை. பெண்கள் காத்திருக்கும் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். ஓரிடத்தில் உட்கார முடியாதவள் அங்கே உட்கார்ந்தது பெரிய விஷயம். முழங்கால் துடித்துக்கொண்டே இருந்தது, ஆனாலும் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் வருகிறவள் வாயிலிருந்து எது முதலில் வருகிறது என்று கேட்டாள். பெரும்பாலும் ஊர், அப்புறம் தன் பெயர், அப்புறம் கூட வந்த ஆள், அப்புறம் உடம்புக்கு என்ன. வயசு தெரியாது. பிரசவக் கணக்குக்காகக் கடைசியாக மாதவிலக்காகிக் குளித்த தேதியைக் கேட்டால் ஒருத்திகூடத் தேதி சொல்லவில்லை. "சமயபுரத்துப் பூச்சொரிதலுக்கு மொத நாளு" என்றாள் ஒருத்தி. "நோன்பு ஆரம்பிச்சப்ப" என்றாள் இன்னொருத்தி. ஸ்ரீரங்கத்து மாமி ஒருத்தி சொர்க்கவாசல் கழித்து என்று கணக்குச் சொன்னாள். அவரவர் திருவிழாவில் தேதி இருந்தது. இதையெல்லாம் எண்ணாக மாற்றுவதற்குள் ஷரீபா விரல் மடக்கி விழி பிதுங்கியிருக்கிறாள். அதைத்தான் இவள் கை வேகம் போதாது என்று திட்டியிருக்கிறாள்.

ஸ்கிரீனைக் கலைத்தாள். பார்டர் போயிற்று, நட்சத்திரம் போயிற்று, கல்யாணப் பத்திரிகைத் தலைப்பும் போயிற்று. திரையில் பாதி இடம் வெறுமையாக இருந்தது. பார்த்த டாக்டர், பணம் கொடுத்து வாங்கினதில் பாதி எங்கே என்று கேட்டார். மேலே ஊர், அதற்கடுத்து அவள் பெயர், கூட வந்தவர், என்ன தொந்தரவு. கணவர் பெயர் கடைசிக்குப் போயிற்று, அதுவும் காலியாக விடலாம். குளித்த தேதிக்கான கட்டத்தில் ஒரு விசையை அழுத்தினால் பூச்சொரிதல், ரம்ஜான், ஆடிப்பெருக்கு, பூண்டி மாதா கொடியேற்றம், சொர்க்கவாசல் என்று கடந்த ஒரு வருஷத்துத் திருவிழாக்கள் எல்லாம் பக்கத்தில் வந்து நிற்கும்; ஒன்றைத் தேர்ந்தெடுத்து முன்னாலா பின்னாலா என்று சொன்னால் தேதியை மெஷினே போட்டுக்கொள்ளும். மணி கத்தாது. தப்பாக அடித்தால், இன்னொரு தடவை கேளுங்கள் என்று ஒரு வரி வரும். பின்னால் போகவும் ஒரு விசை வைத்தாள்.

பிறகு ஷரீபாவை உட்காரவைத்துவிட்டுப் பின்னால் நின்றாள். சொல்லிக் கொடுக்காமல் நிற்பது என்று தனக்கே ஒரு கட்டளை. அது அவளுக்கு உயிர்போகிற கஷ்டம். ஷரீபாவின் விரல் எங்கே தயங்கிக் காற்றில் நிற்கிறதோ, அந்த இடத்தைச் சாயங்காலம் மாற்றினாள். மாற்றியது இன்னும் மோசமானால் பழையபடி வைத்தாள். ஷரீபாவுக்கே சலித்துவிட்டது.

"இன்னைக்கு நல்லாத்தானேக்கா இருக்கு, விடுங்களேன்."

"நீ இந்த எடத்துல யோசிச்ச. நான் பாத்தேன்."

"யோசிக்கக்கூடக் கூடாதா?"

"மெஷினைப் பத்தி யோசிக்கக் கூடாது. முன்னால நிக்கிறவளைப் பத்தி யோசி."

வரிசை தெருவிலிருந்து வாசலுக்கு வந்தது, வாசலிலிருந்து பெஞ்சுக்கு வந்தது. ஒருநாள் பெஞ்சே பாதி காலியாக இருந்தது. ஷரீபா சந்தோஷத்தில் சொன்னாள்: "இப்பல்லாம் நீங்க பக்கத்துல இல்லாட்டியும் எனக்கு வருதுக்கா."

நல்ல மனசோடு சொன்னது. அக்னஸுக்குத்தான் சுருக்கென்றது. நீங்கள் இல்லாமலே வருகிறது என்றால் நீங்கள் எதற்கு?

ஒன்றே ஒன்று பாக்கி இருந்தது. கரண்ட் போய் வந்தால் டேட்டாபேஸின் அடுக்கு கலைந்துவிடும், தேடின பெயர் கிடைக்காது. அதை மறுபடி கட்டுவதற்குக் கறுப்புத் திரையில் சில கட்டளைகள் அடிக்க வேண்டும். அது அக்னஸுக்கு மட்டும்தான் தெரியும். திருச்சியில் கரண்ட் போகாத நாள் ஏது? அதையும் ஒரு விசைக்குள் அடக்கி ஷரீபா கையில் கொடுத்துவிடலாம், அரை நாள் வேலை. கொடுக்காமலும் இருக்கலாம். யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவும் மாட்டார்கள். அந்த ஒரு முடிச்சு இருக்கிற வரைக்கும் அக்னஸ் இல்லாமல் இந்த ஆஸ்பத்திரி நடக்காது. தூத்துக்குடி பக்கத்தில் வராது. நாலைந்து நாள் இதே நினைப்பாக அலைந்தாள். ஒரு நேரம் அது திருட்டு என்று தோன்றியது, ஒரு நேரம் பிழைப்பு என்று தோன்றியது. அம்மா சோறு போட்டால் தட்டோடு எழுந்து வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தாள்.

ஒரு காலையில் இவள் வருவதற்குள் கரண்ட் போய்த் திரும்பியிருந்தது. உள்ளே நுழையும்போது ஷரீபா கண்ணாடிக்குள் நின்றுகொண்டிருந்தாள். முன்னால் ஒரு கர்ப்பிணி, பின்னால் வரிசை. போன மாசம் வந்துபோன அந்தப் பெண்ணைத் தேடத் தேட மெஷின் இல்லை என்றது. ஷரீபாவின் முகம் கறுத்து, உதடு உலர்ந்து, யார் கண்ணையும் பார்க்காமல் விசைகளைத் தட்டிக்கொண்டே இருந்தாள். பொன்னுத்தாய் சரிந்த அன்றைக்குத் தானும் இப்படித்தான் தட்டினோம் என்று அக்னஸுக்குத் தெரிந்தது. ஓடிப்போய்ச் சரிசெய்தாள். அன்று மத்தியானமே அந்த விசையை வைத்துவிட்டாள். 'கரண்ட் போய் வந்தால் இதை அழுத்தவும்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. வைத்து முடித்ததும் பாத்ரூமுக்குப் போய் அழுதாள். நல்ல காரியம் செய்த நிம்மதியெல்லாம் இல்லை, பயம்தான்.

ஆயுத பூஜை வந்தது. டாக்டர் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூச்சாற்றி, பொரியும் சுண்டலும் கொடுத்தார். "பெருமாள் புண்ணியத்துலே எல்லாம் நல்லபடியா வந்துடுத்து" என்றார். மெஷின் ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டது.

ஐப்பசி பிறந்ததும் அக்னஸைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"நீ பண்ணிக் குடுத்தது ரொம்ப நன்னா இருக்கு. ஷரீபாவே எல்லாம் பாத்துக்கறா. கரண்ட் போனாக்கூட அவளே சரி பண்ணிண்டுடறா. ரெண்டு பேரை வச்சுக்கற அளவுக்கு இது பெரிய ஆஸ்பத்திரி இல்லேம்மா. தப்பா எடுத்துக்காதே. இந்த மாசத்தோட நீ வேற எடம் பாத்துக்கோ."

"சரிங்க மேடம்" என்றாள். இப்படித்தான் வரும் என்று தெரிந்திருந்தால் வலிக்காது என்று நினைத்திருந்தாள். வலித்தது.

விஷயம் எப்படியோ தூத்துக்குடிக்குப் போய்விட்டது. தைரியராஜ் சனிக்கிழமையே வந்துவிட்டான், இரண்டு பெரிய பெட்டிகளோடு, காலிப் பெட்டிகள்.

"நான் வரலைண்ணே. குடுத்த வாக்கை மீறத்தான் போறேன். தில்லைநகர்ல ஒரு எலும்பு டாக்டர் கம்ப்யூட்டர் வாங்கியிருக்காராம், அங்க போய்க் கேக்கப் போறேன்."

"அங்கயும் எல்லாத்தையும் சுலபமாக்கிக் குடுத்துட்டு நடுத்தெருவுக்கு வரப் போறியா?"

வியாகுலம்மாள் பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

கடைசி நாள் அவளுக்குச் செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. கணக்குத் தீர்த்து வாங்கிக்கொண்டு, கவுன்டர் பக்கமாக வந்து நின்றாள். துறையூர் பஸ் அப்போதுதான் வந்திருக்க வேண்டும். பெண்கள் சேர்ந்தாற்போல் வந்தார்கள். ஷரீபா ஒவ்வொருத்தியின் முகத்தையும் பார்த்துப் பேசிக்கொண்டே அடித்தாள். திரையை யாரும் கவனிக்கவில்லை. அங்கே ஒரு திரை இருப்பதையே மறந்த மாதிரி பேச்சு போய்க்கொண்டிருந்தது. ஒரு தடவையாவது ஷரீபா திணறித் திரும்பிப் பார்க்க மாட்டாளா என்று அக்னஸ் காத்திருந்தாள். தன் மனசு அப்படி நினைக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. ஷரீபா திணறவில்லை.

"கொஞ்சம் நகந்துக்குங்கம்மா, நாங்க வரிசையில நிக்கிறோம்" என்றாள் பின்னாலிருந்து ஒரு பெண், வயிற்றைக் கையால் தாங்கியபடி.

அக்னஸ் நகர்ந்துகொண்டாள். அவள் நின்ற இடத்துக்கு அந்தப் பெண் வந்தாள், கண்ணாடி ஓட்டைக்குக் குனிந்து தன் ஊரைச் சொன்னாள், தன் பெயரைச் சொன்னாள். சீட்டு வந்துவிட்டது.